துபாயில் 60, நெல்லையில் 100... பெட்ரோல் விலையை எப்படி ஒப்பிடுவது?

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்தால், இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். துபாயில் வேலை பார்க்கும் மச்சான் பெட்ரோல் பங்க்கில் நின்று ஒரு போட்டோ அனுப்புவார். கீழே, "இங்க லிட்டர் அறுவது ரூவாதாம்ல, அங்க எவ்வளவு?" என்று ஒரு கேள்வி. நாமும் கோப எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு, நூறு ரூபாய்க்கு பெட்ரோல் அடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம்.

மச்சான் சொல்வது பொய்யில்லை. 2025இல் அங்கே லிட்டர் இரண்டரை திர்ஹத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் திர்ஹத்தை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கு, ஒரு லிட்டருக்காக எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் ஒரு கேலன் (3.785 லிட்டர்) 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஒரு மணி நேரக் கூலியில் 9 லிட்டர் வாங்கலாம். தமிழ்நாட்டில் 2024-25இல் நூறு நாள் வேலைக்குக் கூலி 319 ரூபாய். நாள் முழுக்க மண் வெட்டினால் 3 லிட்டர்.

புளியரையைத் தாண்டினால்...

விலை வித்தியாசத்தைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவு போனால் போதும். அதே கம்பெனி, அதே பெட்ரோல், வேறு விலை. 2024 மார்ச்சில் லிட்டருக்கு சுமார் 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் 100.75 ரூபாய், திருவனந்தபுரத்தில் 107.56 ரூபாய். அதனால்தான் குற்றாலத்துக்கு வரும் கேரள வண்டிகள் ஊர் திரும்பும்போது நம் பக்கத்து பங்க்குகளில் டேங்கை நிரப்பிக்கொள்கின்றன.

காரணம் வரி போடும் விதம். தமிழ்நாடு 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் வாங்குகிறது. கேரளாவில் 30.08 சதவீதம், கூடவே 1 ரூபாய், அதன் மேல் செஸ். 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்காக இன்னொரு 2 ரூபாய். வரிக்கு முந்தைய விலை 10 ரூபாய் ஏறினால் கேரள வரி 3 ரூபாய் ஏறும், நம்முடையது 1.30தான் ஏறும். ஆனால் விலை இறங்கும்போது நம் 11.52 இறங்காது. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை!

மத்திய அரசின் கதை தனி. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்கு விழுந்தது. அடுத்த மாதமே கலால் வரி 10 ரூபாய் கூடியது. அந்தச் சரிவு நம் வண்டிக்கு வந்து சேரவே இல்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு கலால் 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கு போடும் அடிப்படை வரி 1.40 ரூபாய் மட்டும். மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடும்.

டேங்கை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டும் பழக்கம் கேரளாக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூரில் பெட்ரோல் விலை அதிகம், பாலம் தாண்டினால் மலேசியாவில் மலிவு. எல்லாரும் ஜொகூர் போய் நிரப்புகிறார்கள் என்று, முக்கால் டேங்க் இல்லாமல் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டக் கூடாது என்றே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பையனுக்கு அந்த விலை தெரியக்கூடத் தெரியாது. அவன் எம்.ஆர்.டி. ரயிலில் போகிறான்.

இதன் மறுபக்கம் இலங்கை. 2022 ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த லிட்டர் ஜூனில் 470 ஆனது. பிறகு, விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. க்யூஆர் கோடு காட்டினால் பைக்குக்கு வாரம் 4 லிட்டர் என்று ரேஷன் வந்தது. வேறு வழியில்லாதவர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், சைக்கிளுக்கு மாறினார்கள்.

அம்பையிலிருந்து நெல்லைக்கு

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. அம்பாசமுத்திரத்திலிருந்து வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமுக்கு பைக்கில் வருகிறீர்கள். போகவர சுமார் 70 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தால் மாதம் 25 நாளுக்கு 35 லிட்டர், அதாவது சுமார் 3,500 ரூபாய். சம்பளம் 15,000 என்றால் கிட்டத்தட்ட கால்வாசி டேங்குக்குள் போய்விட்டது.

இதே 35 லிட்டரை கேரள விலையில் போட்டாலும் கூடுதலாக ஆவது 240 ரூபாய்தான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததே, அது உங்களுக்கு மிச்சம் செய்தது மாதம் 105 ரூபாய். அரசுக்கு அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் சொன்னார். குறைத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதையும் அவர்தான் சொன்னார். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வண்டியை வீட்டில் விட்டு வர முடிந்தால் பெட்ரோலில் மிச்சமாவது மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். எந்த வரிக்குறைப்பும் இதுவரை அவ்வளவு கொடுத்ததில்லை.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. வீட்டில் அம்மாவோ அக்காவோ பஸ்ஸில் போக, தம்பி மட்டும் பைக்கை உதைப்பது இங்கே பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறவருக்கு, ஆணோ பெண்ணோ, எந்த பஸ் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். அதனால்தான் வண்டி வாங்குகிறோம். வாங்கிய பிறகு பஸ்ஸை மறந்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் தாமிரபரணியை ஒட்டியே ஒரு ரயில் பாதை போகிறது. பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று, நெல்லைக்கு வேலைக்கு வருகிற ஊர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. பயணிகள் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் நாளுக்குச் சில ரயில்கள்தான்; ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கும் ராத்திரி கடை அடைக்கும் நேரத்துக்கும் இன்னும் இரண்டு நடை விட்டால் எத்தனை பைக்குகள் வீட்டில் நிற்கும்? ஓட்டு கேட்டு வருகிறவர்கள் பெட்ரோல் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த இரண்டு நடை ரயிலைப் பற்றியும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.