ஒரு ரீடிங் போதுமா?

லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் போட்டா சார் கையெழுத்து போடுவாரா? மாட்டார். ஆனா கொல்லிமலையை மட்டும் நாம அப்படித்தான் பார்த்துட்டு வர்றோம்.

ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாசலூர்பட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்து, செல்ஃபி எடுத்து இறங்கிடுறோம். அதில் தப்பில்லை. ஆனா அது வருஷத்தில் ரெண்டு நாள் கோலம். அதுக்காகவே தொட்டியில் வளர்த்து அடுக்கிய பூக்கள்.

மத்த மாசங்களிலும் போய்ப் பாருங்க. தை, மாசியில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பாங்க. கோடை மழை ஒண்ணு விழுந்தா காப்பிச் செடி வெள்ளையாப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அப்புறம் பலா சீசன். புரட்டாசிக்குப் பிறகு சாமை, தினை, கேழ்வரகுக் கதிர். மலை முழுக்கவே தோட்டம்தான், டிக்கெட் கிடையாது.

ஒரு விஷயம் அப்பதான் கண்ணில் படும். சாமை விளைஞ்ச பல காடுகளில் இப்ப மரவள்ளி. கீழே ஜவ்வரிசி ஆலைகள் அதை வாங்கிக்குது, கையில் காசு வருது. விவசாயியைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? சாமையை வாங்க ஆள் இருந்தால்தானே விதைப்பாங்க?

என் கருத்து இதுதான்: அந்தப் பூங்காவில் ரோஜாவுக்குப் பக்கத்தில் சாமைக்கும் ஒரு பாத்தி வேணும். அதுவரைக்கும், கார்த்திகையில் ஒரு தடவை ஏறுங்க. திரும்பும்போது மலைக்காரங்ககிட்டயே ரெண்டு கிலோ சாமை வாங்கிட்டு வாங்க. இரண்டாவது ரீடிங் அது.