பிள்ளைகள் நெற்றியில் பட்டை மாட்ட வேண்டாம்



பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பி, "சார், இது நம்ம விளாத்திகுளம் பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் வரணும்" என்று எழுதியிருந்தார். நெற்றியில் ஒரு பட்டை. பிள்ளை கணக்குப் போடும்போது மூளைக்கு எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டரில் கோடு ஓடுகிறது. பாரம் கூடினால் பாடம் தானாக எளிதாகிவிடுமாம். எல்லாரும் படிக்கட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்: வேண்டாம் தம்பி.

அறிவியல் பொய் என்று சொல்லவில்லை. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்துவிட்டார். பல எண்களை மனதில் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் நெற்றிப் பக்கம் தீட்டா அலை கூடும். பின்பக்கம் ஆல்ஃபா அலை குறையும். உண்மைதான். விமானம் ஓட்டுகிறவருக்கும், கைகால் அசைக்க முடியாதவருக்கும் இந்த ஆராய்ச்சி உதவினால் சந்தோஷம்.

ஆனால் தூக்கம் வந்தாலும் தீட்டா கூடுமே! கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், மூளை அலையைவிடப் பெரிய அலை வந்து விழும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் வேறு. ஆய்வுக்கூடத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவரிடம் எடுத்த கோட்டை, மூன்றாம் வகுப்பில் பங்குனி வெயிலில் நெளியும் பிள்ளையிடம் தேடுவதா? மிளகாய்ப் பழம் பறிக்க அம்மா விடியுமுன் காட்டுக்குப் போய்விட, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கோடு ஏறினால் கணக்கின் பாரமா, வீட்டின் பாரமா? பட்டை சொல்லாது. பக்கத்தில் போய்க் கேட்டால் பிள்ளை சொல்லும். 2022இல் தொடங்கிய காலை உணவு இந்த விஷயத்தில் எந்தப் பட்டையையும்விட நல்ல கருவி என்பேன்.

நினைவை அளப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். ஒருபக்கம் வெண்பாவுக்கு ஈற்றடி, ஒருபக்கம் கணக்கு, இடையில் மணியோசை எண்ணிக்கை என்று எல்லாவற்றையும் நினைவில் நிறுத்திச் சொன்னார். சபை கேட்டது, அவர் சொன்னார், அளந்தாகிவிட்டது. மனக்கணக்கும் அதே வழிதான்.

சீனாவில் ஜின்ஹுவா நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் இந்தப் பட்டையை மாட்டியே பார்த்தார்கள். கவனித்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். அறிக்கை பெற்றோர் கைக்கும் போனது. 2019இல் வீடியோ வெளிவந்து ஊரே கொதித்ததும் அதிகாரிகள் நிறுத்தினார்கள். நெற்றியில் விளக்கெரியும் பிள்ளை பாடத்தையா கவனிக்கும்? விளக்கைத்தான் கவனிக்கும்.

நம் நாட்டிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு, 2010. குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட சம்மதமில்லாமல் மூளை அலைச் சோதனை செய்யக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அது குற்ற விசாரணை பற்றியது, வகுப்பறை பற்றியது அல்ல, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: கொலை வழக்கில் நிற்பவருக்கு "மாட்டேன்" என்று சொல்ல உரிமை உண்டு, "மாட்டிக்கோ" என்று டீச்சர் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை எப்படி மறுக்கும்?

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இலவசம் என்று காட்டிக் கையெழுத்து கேட்டால், அந்தப் பதிவு யாரிடம், எத்தனை வருஷம் இருக்கும் என்று எழுதி வாங்காமல் போடாதீர்கள். பெங்களூர்த் தம்பி, நீ முதலில் உன் மேனேஜரோடு நடக்கும் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஒரு மாதம் அதை மாட்டிக்கொண்டு உட்கார். கோட்டை அவரிடமே காட்டு. பிறகு பேசுவோம்.