தாயின் கூலியும் சேயின் பயிற்சியும்

நான்கு மாதத்தில் குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும். எட்டு, ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நாலு வார்த்தையாவது வர வேண்டும். வராவிட்டால் ஊரில் என்ன சொல்கிறார்கள்? "இவன் அப்பனும் மூணு வயசிலேதான் பேசினான், தானா வந்துடும்" என்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அப்படி வந்துவிடுவதும் உண்டு. வராத குழந்தைக்கோ, காத்திருந்து கழித்த வருஷங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று வருஷங்களில்தான். காது கேளாமையை அப்போதே கண்டு கருவி பொருத்திப் பயிற்சி கொடுத்தால் குழந்தை பேசக் கற்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவோடு பிறந்த சிசுவை, பிறந்த சில தினங்களுக்குள் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தே கண்டுபிடித்துவிடலாம். விலை மலிவான மாத்திரையை உடனே ஆரம்பித்தால் அறிவு வளர்ச்சி கெடாது. பல மாதம் கழித்துக் கொடுத்தால் உடம்பு தேறும். மூளைக்கு நேர்ந்த சேதம் முழுவதும் தீராது.

சர்க்காருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2013-ல் மத்திய சர்க்கார் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தைத் துவக்கியது. அதன்படி அங்கன்வாடிக்கு வருஷத்தில் இருமுறை வைத்தியக் குழு வர வேண்டும். குறை காணப்பட்ட குழந்தையை ஜில்லா ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை வைத்தியர், பிஸியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியல் நிபுணர் ஆகியோர் இருக்க வேண்டும். நல்ல திட்டம்தான், குறை சொல்வதற்காகவே குறை சொல்வது நமது வழக்கமல்ல.

ஆனால் மையம் இருப்பது ஜில்லாத் தலைநகரில். குழந்தை இருப்பது கிராமத்தில். பயிற்சி என்பது ஒரு நாளில் ஊசி போட்டு முடிகிற காரியமும் அல்ல. வாரந்தோறும், மாதக்கணக்கில் போக வேண்டும். கூலிக்கு நாற்று நடும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். விடியலில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, அரை மணி நேரப் பயிற்சிக்காகக் காத்திருந்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறாள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 முதல் தமிழ்நாட்டில் கிடைத்துள்ள நிவாரணம். போன நாளின் கூலியை எந்த பஸ் திருப்பித் தரும்? நாலாவது வாரம் அவள் வராவிட்டால், தாய்க்கு அக்கறையில்லை என்று சொல்லிவிடுவது வெகு சுலபம். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கோ பயிற்சியாளரே வீடு தேடி வருகிறார்!

அந்தக் குழந்தையைத் தினசரி பார்ப்பவர் அங்கன்வாடி ஊழியர். அவர் சர்க்கார் ஊழியரல்ல, "கௌரவ" ஊழியராம். திட்டம் துவங்கிய அதே 2013-ல் கூடிய நாற்பத்தைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இத்தகைய திட்ட ஊழியர்களைத் தொழிலாளிகளாக அங்கீகரிக்க வேண்டும், குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2018-ல் மத்திய சர்க்கார் அவர்களது மதிப்பூதியத்தை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக்கியது. மறு வருஷம் கம்பெனிகளுக்கு வரிக் குறைப்பு. அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. பணமில்லை என்ற பேச்சு இனி யாரிடம் செல்லும்?

நமது கோரிக்கைகள் மலையைப் பெயர்ப்பவையல்ல. ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் பயிற்சியாளர் இருக்க வேண்டும். குழந்தையைக் கொண்டு வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய கூலியைச் சர்க்கார் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் பயிற்சியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். வருஷா வருஷம் வேலை நீடிக்குமா என்று தவிப்பவரிடம் மூன்று வருஷப் பயிற்சியை எப்படி எதிர்பார்ப்பது? சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிறக்கும் எந்தச் சிசுவும் குதிகால் ரத்தச் சோதனையின்றி வீடு போகக் கூடாது.

மே 1-ந் தேதி தமிழ்நாட்டில் கிராம சபைகள் கூடுகின்றன. நம் ஊர் அங்கன்வாடிக்கு வைத்தியக் குழு கடைசியாக வந்தது எந்தத் தேதியில், எத்தனை குழந்தைகளை ஜில்லா மையத்துக்கு அனுப்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னமும் போய் வருகிறார்கள் என்று தோழர்கள் அங்கே எழுந்து கேட்க வேண்டும். வருகிற பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும்.