கோபுரத்தில் ஏறிய கருவி

அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில் வாசலில் நின்று சுற்றிலும் பாருங்கள். வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, மறுபடியும் வயல். குன்று என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 1808-ல் இந்த டெல்டாவை அளக்க வந்த வில்லியம் லாம்டனுக்கு இதுதான் பெரிய தலைவலி.

நிலத்தை அவர் சங்கிலி போட்டு முழுக்க அளக்கவில்லை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஒரே ஒரு நேர்கோட்டை மட்டும் இம்மி பிசகாமல் அளந்தார். அதன் இரு முனைகளிலும் நின்று தூரத்தில் தெரியும் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும். முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே நாடு முழுக்கப் போகலாம். ஆனால், ஒரு முனையிலிருந்து இன்னொன்று தெரிய வேண்டுமே! மலைநாட்டில் கவலையில்லை. காவிரிக் கழனியில்? தோப்புகள் மறைக்கின்றன. மிச்சம் இருந்தது கோபுரங்கள்தான்.

கோணம் பார்க்கும் கருவியின் பெயர் தியோடலைட். எடை அரை டன். லண்டனிலிருந்து கப்பலில் வந்தபோதே பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீஷியஸில் இறக்கிவிட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும், மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார்களாம். அந்தக் காலத்து எதிரிகளிடமும் நாகரிகம் இருந்திருக்கிறது! (நம் காரைக்கால் அப்போது ஆங்கிலேயர் பிடியில், 1817-ல்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.)

அப்படித் தப்பி வந்த கருவியைத்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். 216 அடி உயரம். பாதி வழியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி ஊஞ்சல் போல ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோனது. மயிரிழை கூடப் பிசகக் கூடாத வட்டம் அது.

வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கருவியோடு கதவைச் சாத்திக்கொண்டார். பாகம் பாகமாகக் கழற்றினார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து நெளிந்த உலோகத்தை மெல்ல மெல்ல இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார். ஆறு வாரம் ஆனது. கிட்டத்தட்டப் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது.

மறுபடியும் அளவை தொடங்கியது. 1823-ல் வடக்கே வேலையில் இருந்தபோதே லாம்டன் இறந்தார். முக்கோணங்கள் மட்டும் நிற்காமல் இமயம் வரை போயின. எவரெஸ்ட்தான் உலகில் உயர்ந்த சிகரம் என்று 1856-ல் அறிவித்தது அந்த அளவையின் கணக்கை வைத்துத்தான். தஞ்சாவூரில் அடிபட்ட அந்தக் கருவி இப்போது டேராடூனில், இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.