பொன் விடியலும் குற்றவியற் சட்டமும்

கிரேக்க நாட்டிலே ‘பொன் விடியல்’ எனப் பெயர் புனைந்து, இட்லரைப் போற்றியவர்களின் தலைமையில் இயங்கிய கூட்டமொன்று 2009ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 0.29 மாத்திரமே. கடன் நெருக்கடியால் ஊதியமும் ஓய்வூதியமும் வெட்டுண்டு மக்கள் நொந்து கிடந்த 2012 மே மாதத்தில், அதே கூட்டம் 21 ஆசனங்களுடன் பாராளுமன்றத்துட் புகுந்தது. பசித்தோருக்கு உணவுப் பொதி வழங்கினர். ஆனால், கிரேக்கர் என்று அடையாள அட்டை காட்டினாலன்றிப் பொதி கிடையாது! பகலிலே தருமம், இரவிலே தடியும் கத்தியும்.

‘கட்சியைத் தடைசெய்’ என்ற குரல் எழாமலில்லை. கட்சியொன்றைக் கலைப்பதற்குக் கிரேக்க அரசியலமைப்பில் ஏற்பாடு இல்லை என்பதே அதற்குக் கிடைத்த விடை. இது சட்டமறிந்தோரைத் திருப்திப்படுத்தும் விடையா? கருத்துக்குத் தண்டனை இல்லையென்பது மெய். மண்டையை உடைப்பதற்குமா இல்லை? குற்றம் புரியவென அமைந்த கூட்டத்தைத் தண்டிக்கும் 187ஆம் பிரிவு அந்நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் அன்றும் இருந்தது. 2012 யூனில் பெராமாவில் எகிப்திய மீனவர்கள் தம் வீட்டிலேயே தாக்கப்பட்டனர். 2013 சனவரியில் வேலைக்குச் சைக்கிளிற் சென்ற பாக்கிஸ்தானியத் தொழிலாளி ஒருவர் ஏதென்சிற் குத்திக் கொல்லப்பட்டார். அடிபட்டவன் அந்நியன், ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவமாகவே கருதப்பட்டது.

2013 செப்டெம்பர் 18ஆம் நாள் நள்ளிரவு கழிந்த வேளையில் கெரட்சினியிற் கத்திக்கு இரையானவர் பவ்லோஸ் ஃபிஸ்ஸாஸ் என்னும் 34 வயதுப் பாடகர், கிரேக்கர். பத்தே நாளில் கட்சித் தலைவர் மிகலோலியாகோஸ் கைதானார்! புதிய சட்டம் எதுவும் இயற்றப்பட்டதா? இல்லை. வெவ்வேறாகக் கிடந்த 32 வழக்குக் கோவைகளை ஒருங்கே அரச வழக்குத் தொடுநரிடம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். இதைச் சில மாதங்கள் முன்னரே செய்திருந்தால் அப்பாடகர் உயிரோடிருந்திருப்பார் என்பதே எமது துணிபு.

2015 ஏப்பிரலில் ஆரம்பித்த விளக்கம் ஐந்தரை ஆண்டுகள் நீடித்தது. குத்தியவன் தன்னிச்சையாகக் குத்தினானா, தலைமையின் கட்டளைப்படி இயங்கும் படையின் உறுப்பினனாகக் குத்தினானா என்பதே வழக்கின் உயிர்நாடி. 2019 திசெம்பரில் வழக்குத் தொடுநரே தலைமையை விடுவிக்கலாமென்றார்! பாதிக்கப்பட்டோரின் நியாயவாதிகளும் குற்றவியல் மன்றிலே தோன்றிச் சாட்சிகளை வினவ அந்நாட்டு நடைமுறை இடமளிக்கிறது. அவர்களே தொலைபேசிப் பதிவுகளையும் கிளைகளின் அமைப்பையும் வரிசைப்படுத்தி வழக்கைத் தாங்கினர். மைந்தனை இழந்த தாயார் மக்தா, ஆண்டுக்கணக்காக அமர்வுகளுக்குச் சலியாது வந்திருந்தார். 2020 ஒக்டோபர் 7இல் மூன்று நீதிபதிகள் அக்கட்சியைக் குற்றக் கும்பலெனத் தீர்த்தனர். தலைவருக்கு 13 ஆண்டுச் சிறை, கொலைஞனுக்கு ஆயுட்சிறை.

தீர்ப்புக்கு முன்னரே வாக்காளர் தம் தீர்ப்பை வழங்கியிருந்தனர் என்பதையும் குறித்தல் வேண்டும். சாட்சியங்கள் வெளிவந்துகொண்டிருந்த 2019இல் அக்கட்சி பெற்றது நூற்றுக்கு 2.93; ஆசனம் பெற 3 வேண்டும்.

பின்னர் ஆட்சியாளர் தடையையும் பரீட்சித்துப் பார்த்தனர். 2023இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, சிறையிலிருந்த முன்னாள் உறுப்பினர் கசிடியாரிசின் புதுக் கட்சியை உச்ச நீதிமன்று தேர்தலிலிருந்து விலக்கியது. அவர் சிறையிலிருந்தவாறே ‘ஸ்பார்ட்டர்’ என்ற வேறொரு கட்சிக்கு ஆதரவு தெரிவித்தார். அவ்வாண்டு யூன் தேர்தலில் ஸ்பார்ட்டருக்குக் கிடைத்தவை 12 ஆசனங்கள்.