பிஜிஎம் நல்லா இருந்துச்சா, சத்தமா இருந்துச்சா?

ஒரு படத்தோட பிஜிஎம் நல்லா இருக்குன்னு சொல்ல நம்ம ஆளுங்க இப்ப என்னென்ன வார்த்தை போடுறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? "ஸ்பீக்கர் கிழிஞ்சுது." "தியேட்டர் அதிருது." "செவுடாக்கி விட்டுட்டான்யா மனுஷன்." இதெல்லாம் திட்டு இல்லைங்க, பாராட்டு. இந்தப் பாராட்டு மேலதான் எனக்குச் சண்டை. த்ரெட் கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நான் ஈஎன்டி ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. எம்பிபிஎஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுத்துவட்டார ஜனங்க வர்ற அரசு ஆஸ்பத்திரில ஓபி பார்க்குறவன். சினிமா இசைப் பைத்தியம். ராஜா, ரஹ்மான், யுவன், சந்தோஷ் நாராயணன், அனிருத் எல்லாரும் என் ஃபோன்ல சண்டை போடாம ஒண்ணா இருக்காங்க. அதனால "நீ எந்த குரூப்பு?"ன்னு கமெண்ட்ல வராதீங்க.

வாரத்துக்கு ஒருத்தர் "டாப் 10 பிஜிஎம்"னு போஸ்ட் போடுறாங்க, கீழ ரசிகர்கள் அடிச்சுக்குறாங்க. அந்த லிஸ்ட்டுகளை நின்னு பாருங்க. ஹீரோ நடந்து வர்றார், ஸ்லோமோஷன், கீழ பேஸ், மேல கோரஸ். அடுத்தது? வேற ஹீரோ நடந்து வர்றார். ஒருத்தர் தனியா உக்காந்து யோசிக்கிற சீன் அதுல இருக்காது. ஒரு அம்மா ஃபோனை வச்சிட்டு சும்மா நிக்கிற சீன் இருக்காது. பின்னணி இசைங்கிற பெரிய கலையை என்ட்ரி மியூசிக்னு சுருக்கி, அதையும் எவ்வளவு சத்தம்னு அளந்து மார்க் போட்டுக்கிட்டு இருக்கோம்.

தேசிய விருதுல கூட 2009ஆம் வருஷப் படங்கள்ல இருந்து பாட்டுக்குத் தனி விருது, பின்னணி இசைக்குத் தனி விருதுன்னு பிரிச்சுட்டாங்க. அப்படிப் பிரிச்சதும் பின்னணி இசைக்கு வாங்குனவர் இளையராஜா, மலையாள 'பழஸ்ஸிராஜா'வுக்கு. அப்புறம் 'தாரை தப்பட்டை'க்கும் வாங்குனார். ரஹ்மான் 'மாம்' படத்துக்கும் 'பொன்னியின் செல்வன் 1'க்கும் வாங்குனார். பின்னணி இசை தனி வேலைன்னு அரசாங்கத்துக்கே புரிஞ்சிடுச்சு. ரசிகர்களுக்குத்தான் இன்னும் புரியல.

'கங்குவா' ஞாபகம் இருக்கா? 2024 நவம்பர் 14 ரிலீஸ். முதல் நாள்லயே ஜனங்க தலைவலியோட வெளிய வந்தாங்க. டைம்லைன்ல திட்டு வாங்குனது இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத். ரெண்டு நாள்ல தயாரிப்பாளர் ஞானவேல் ராஜாவே, தியேட்டர்காரங்ககிட்ட வால்யூமை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருக்கோம்னு பேட்டி குடுத்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ஒலிக்காக ஆஸ்கார் வாங்குன ரசூல் பூக்குட்டியும் எழுதினார்: நம்ம கலை சத்தப் போட்டியில மாட்டிக்கிச்சு, இதுக்கு சவுண்ட் ஆளைக் குத்தம் சொல்றதா, இல்ல கடைசி நிமிஷம் பயத்துல பண்ற மாத்தங்களைச் சொல்றதான்னு.

அந்த "ரெண்டு பாயின்ட்"ல நிறைய விஷயம் இருக்கு.

தியேட்டர் ப்ரொஜெக்ஷன் ரூம்ல இருக்குற டால்பி சாதனத்துல வால்யூம் அளவு 0ல இருந்து 10 வரைக்கும். ஸ்டூடியோவுல மிக்ஸ் பண்ணும்போது 7ன்னு வச்சுத்தான் கணக்கு. 4க்கு மேல ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சுமார் 3.3 டெசிபல். அப்ப ரெண்டு பாயின்ட் குறைச்சா 6லிருந்து 7 டெசிபல் போகுது. கேட்க சின்ன நம்பர். ஆனா டெசிபல் நாம கடையில கூட்டுற கணக்கு இல்ல. 3 டெசிபல் ஏறினா காதுக்குப் போற ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். ரெண்டு பாயின்ட் இறக்கினா, ஆற்றல் முன்ன இருந்ததுல கால்வாசிக்கும் கீழ வந்துடும்.

இப்ப யோசிங்க. இசையமைப்பாளர் ஒரு சீனுக்கு வயலின் எழுதுறார். அது மிக்ஸிங் தியேட்டருக்குப் போகுது. வசனம், காலடி, கார், துப்பாக்கி, மியூசிக் எல்லாத்தையும் சேர்த்து எது மேல எது கீழன்னு அங்க முடிவாகுது. இயக்குநர் "இன்னும் ஏத்துங்க"ம்பார், தயாரிப்பாளர் "இன்னும் ஏத்துங்க"ம்பார். கடைசியா நம்ம ஊர் தியேட்டர்ல ஒருத்தர், ரசிகர் ஷோன்னு இன்னும் ரெண்டு பாயின்ட் திருகுவார். நீங்க வெளிய வந்து "ஸ்பீக்கர் கிழிஞ்சுது, தலைவன் வேற லெவல்"னு எழுதுறீங்க. தலைவன் எழுதுன வயலின் உங்க காதுக்கே வரல சார். நீங்க பாராட்டுனது அந்தத் திருகாணியை.

"வசனம் ஒண்ணும் புரியல"ன்னு அதே ஆளுங்க புலம்புறதும் இதனாலதான். பலமான கீழ்ஸ்தாயி சத்தம் மேல்ஸ்தாயி சத்தங்களை மூடிடும். காதோட அமைப்பே அப்படி. க, ச, த, ப மாதிரி மெய்யெழுத்துங்க வார்த்தைக்கு அர்த்தம் குடுக்குறவை, ஆனா ஆற்றல் கம்மியானவை. பேஸ் அடிக்கும்போது முதல்ல சாகுறது இவங்கதான். இசைன்னு நினைச்சு நீங்க கொண்டாடுறது கதையைத் தின்னுக்கிட்டு இருக்கு.

இனி டாக்டரா பேசுறேன். உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டு காக்ளியான்னு ஒரு உறுப்பு. அதுக்குள்ள ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிர்செல்கள். ஒலியை நரம்புக்குப் புரியுற மாதிரி மாத்துறது அதுங்கதான். செத்தா மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. தலைமுடியாவது துருக்கி போய் நட்டுக்கிட்டு வரலாம். இதுக்கு அந்த வழியும் இல்ல.

படம் விட்டு வெளிய வந்ததும் காதுல "ஙொய்"னு ஒரு சத்தம், பஞ்சு அடைச்ச மாதிரி ஒரு மந்தம். பல பேர் இதையும் பெருமையா போஸ்ட் போடுறீங்க. அது செல்கள் அடிபட்டதுக்கு அறிகுறி. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகிடும். திரும்பத் திரும்ப அடிச்சா ஒரு நாள் சரியாகாது.

அமெரிக்காவோட நியோஷ் நிறுவனத்தோட பரிந்துரை: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 100க்கு வெறும் 15 நிமிஷம். காதுக்கு தினம் ஒரு ரேஷன் கார்டு மாதிரி வச்சுக்கோங்க.

"மாசம் ஒரு படம் பார்த்தா செவுடாகிடுவோமா டாக்டர்?" ஆக மாட்டீங்க. ஏசி ரூம்ல லேப்டாப்போட உக்காந்து வேலை பார்க்குற உங்களுக்கு அன்னிக்கு ரேஷன் முழுசா மிச்சம் இருக்கு. நான் கவலைப்படுறது உங்களைப் பத்தி இல்ல.

எங்க பக்கம் வாங்க. அம்பத்தூர் எஸ்டேட், அதைச் சுத்தி பிரஸ் ஷாப், ஃபோர்ஜிங், ஷீட் மெட்டல் வேலைன்னு சின்னச் சின்ன பட்டறை. நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைக்கும் அனுமதிக்குது. நியோஷ் கணக்குப்படி 90க்கு ரெண்டரை மணி நேரம்தான். சட்டத்தை அப்படியே மதிக்கிற கம்பெனியில வேலை பார்க்குறவரோட ரேஷனே டீ பிரேக்குக்குள்ள தீர்ந்துடும். காதடைப்பான் குடுக்காத பட்டறையைப் பத்திச் சொல்லவே வேணாம். அந்த மனுஷன் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிச்சு, குளிச்சு, பொண்டாட்டி புள்ளையோட செகண்ட் ஷோ வர்றார். அவருக்கு இருக்குற ஒரே சந்தோஷம் அது. அங்கேயும் பிரஸ் ஷாப்பைத்தான் காதுல ஊத்துறோம். இந்தத் தடவை டிக்கெட் காசு வாங்கிக்கிட்டு.

இப்படிப்பட்டவங்க ஓபிக்குக் காதுக்காக வர மாட்டாங்க. சுகர், பிரஷர், முதுகுவலின்னு வருவாங்க. கூட வந்த அம்மாதான் சொல்லும், "டிவிய ரொம்ப சத்தமா வைக்கிறாரு சார், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு." அவர் சொல்வார், "சத்தம் கேக்குது சார், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." அந்த ஒரு வரியே பாதி நோயறிதல். இரைச்சலால வர்ற கேள்வி இழப்பு முதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் விழும். ஓபியில நாங்க வைக்கிற ட்யூனிங் ஃபோர்க் 512 ஹெர்ட்ஸ். அதுல வச்சா "நல்லா கேக்குது சார்"ம்பார். ஆடியோகிராம் எடுத்தாதான் பள்ளம் தெரியும். அதுக்கு ஒரு நாள் கூலி போகும்னு நிறைய பேர் போக மாட்டாங்க.

கைக்குழந்தையோட முதல் நாள் ஷோவுக்கு வர்றவங்களுக்கு ஒரே வார்த்தை: வேணாம். குழந்தையோட காதுக் குழல் சின்னது, அதே சத்தம் செவிப்பறையில இன்னும் அழுத்தமா விழும். அது தூங்குது, பழகிடுச்சுன்னு சொல்லாதீங்க.

அடுத்து வர்ற வாதம், "நம்ம பண்பாடே பறை, மேளம், உறுமி. உனக்கு என்னய்யா?" பறை எனக்கும் உசுரு. ஆனா பறை திறந்தவெளியில அடிக்கிறது. பிடிக்கலைன்னா நாலு அடி தள்ளி நிக்கலாம், புள்ளையைத் தூக்கிட்டு டீக்கடைப் பக்கம் போகலாம். தியேட்டர்ல கதவைச் சாத்தி, நாலு பக்கமும் ஸ்பீக்கர் வச்சு, நடுவுல உக்கார வைக்கிறாங்க. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்ல ராத்திரி 10 மணிக்கு மேல லவுட்ஸ்பீக்கர் கூடாதுன்னு இருக்கு. மூடின அரங்கத்துக்கு அதுலயும் விலக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022ல கச்சேரி, கிளப் மாதிரி இடங்களுக்கு 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரையறை போட்டுச்சு. நம்ம ஊர் தியேட்டருக்கும் அப்படி ஒண்ணு வரணும். ஆனா ரசிகன் கேட்காம எந்த முதலாளியும் அந்தத் திருகாணியை இறக்கப் போறதில்ல. "சவுண்ட் கம்மி"ன்னு கத்தி ஷோவை நிறுத்துற ரசிகனைத்தான் அவர் இதுவரைக்கும் பார்த்திருக்கார்.

சரி, சத்தமே வேணாங்கிறேனா? இல்ல. சத்தம் பெருசாத் தெரியணும்னா முன்னாடி அமைதி வேணும். எல்லா சீன்லயும் உச்சத்துல நின்னா உச்சம்னு ஒண்ணு இருக்காது. உப்பை அள்ளிக் கொட்டின சாம்பார்ல அடுத்த கரண்டி உப்பு எங்க தெரியும்?

நம்மகிட்ட இல்லாத விஷயமா இது! 1987ல 'பேசும் படம்'. ஒரு வசனம் கிடையாது. எல். வைத்தியநாதன் இசை. பேச்சே இல்லாத படத்துல இசை எங்க பேசணும், எங்க வாயை மூடிக்கணும்னு அந்தப் படத்தை வச்சே பாடம் எடுக்கலாம். எந்த டாப் 10லயும் அந்தப் பேரை நான் பார்த்ததில்ல. பாலு மகேந்திராவோட 'வீடு', பாட்டே கிடையாது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல ஏற்கனவே இருந்த இசையை எடுத்து அளவா வச்சிருப்பார். ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படுற பாட்டுக்கு அந்த வயலின் போதும். 2024ல 'கொட்டுக்காளி' வந்துச்சு, 'கங்குவா' வந்த அதே வருஷம். பின்னணி இசையே இல்ல. ஆட்டோ சத்தம், சேவல், காத்து, மனுஷங்க மூச்சு. அதுல வர்ற பதற்றம் எத்தனை சப்வூஃபர் வச்சாலும் வராது. எனக்கு அந்தப் படத்தோட வேகம் கொஞ்சம் பொறுமையைச் சோதிச்சது, அது வேற கதை.

"அதெல்லாம் அவார்டு படம் டாக்டர்." சரி, மசாலாவுக்கே வருவோம். ஒரு பரிசோதனை. உங்களுக்குப் பிடிச்ச பிஜிஎம்மை ஃபோன்ல, மூணுல ஒரு பங்கு வால்யூம்ல, ராத்திரி வீடு அடங்கினதுக்கு அப்புறம் கேளுங்க. நிக்குதா? 'மௌன ராகம்' தீம் நிக்கும். 'நாயகன்' நிக்கும். 'பம்பாய்' தீம்ல அந்தப் புல்லாங்குழல் சத்தம் குறைக்கக் குறைக்க இன்னும் கிட்ட வரும். '96'ல கோவிந்த் வசந்தாவோட வயலின் நிக்கும். அனிருத் ரசிகர்கள் கோச்சுக்காதீங்க, 'விக்ரம்' தீமும் என் ஃபோன்ல நிக்குது, ஏன்னா அதுல மெட்டு இருக்கு. நிக்காம பொத்துன்னு விழுறதும் நிறைய இருக்கு. பேர் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுப் பாருங்க. டிரம்மை எடுத்துட்டா அடியில ஒண்ணும் இருக்காது.

நடைமுறைக்கு வருவோம். நியோஷ் ஐஃபோனுக்கு இலவசமா ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் குடுக்குது. ஆண்ட்ராய்டுல வேற ஆப்கள் இருக்கு, முன்னப்பின்ன காட்டும், பரவாயில்ல. அடுத்த படத்துல பாட்டு இல்லாத சண்டை சீன்ல ஒரு தடவை பாருங்க. சராசரி 95, 100னு நின்னா இன்டர்வல்ல போய் மேனேஜர்கிட்ட மரியாதையா சொல்லுங்க, "அண்ணே, ஒரு பாயின்ட் இறக்குங்க." ஒருத்தர் சொன்னா சிரிப்பார், பத்துப் பேர் சொன்னா இறக்குவார். பட்டறையில வேலை பார்க்குற சொந்தக்காரங்க இருந்தா, தியேட்டருக்கு ஒரு ஜோடி நுரை காதடைப்பான் வாங்கிக் குடுங்க. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். அஞ்சு வருஷத்துக்கு மேல இரைச்சல்ல வேலை பார்த்திருந்தா ஒரு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்க.

ரிவ்யூ எழுதுறவங்க, ரீல்ஸ் போடுறவங்க, "ஸ்பீக்கர் கிழிஞ்சுது"ங்கிற வார்த்தையை ஒரு மாசம் தூக்கி வைங்க. பதிலா எந்த வாத்தியம், எந்த இடத்துல உள்ள வந்துச்சு, எங்க நிறுத்தினாங்கன்னு ஒரு வரி எழுதுங்க.

கமெண்ட்ல உங்களுக்குப் பிடிச்ச பின்னணி இசை ஒண்ணு சொல்லுங்க, நான் ட்யூட்டி முடிச்சு ராத்திரி ஒண்ணொண்ணா கேட்குறேன். ஒரே கண்டிஷன்: அந்த சீன்ல ஹீரோ நடந்து வரக் கூடாது.