தண்ணீர் குடித்தது குற்றமா?

அக்னி நட்சத்திர வெயிலில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள். ரோலிங் மில்லில் உலைக்கு எதிரே நிற்கிற தொழிலாளி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார். குடிக்காவிட்டால் மயங்கி விழ வேண்டியதுதான்.

அதே தொழிலாளியிடம் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்டால் என்ன ஆகும்? வேலை நடுவே கேட்டால், குடித்ததெல்லாம் வியர்வையாகப் போயிருக்கும். சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். ஷிப்டு முடிந்து, நிழலில் உட்கார்ந்து ஒன்றரை லிட்டர் குடித்த பிறகு கேட்டால், கிட்டத்தட்ட தண்ணீராகவே இருக்கும். ஆள் ஒருவர்தான், ரிப்போர்ட் இரண்டு!

காரணம் எளிமையானது. இந்தப் பரிசோதனை உடம்பில் மொத்தம் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எண்ணுவதில்லை. ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. எல்லை 50 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 இருந்தால் 'இருக்கிறது'. அதே மருந்து இரண்டு மடங்கு நீரில் கலந்து வந்தால் 40. அப்போது 'இல்லை'!

இதனால் தப்பு செய்தவர் தப்பிக்கலாம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். நேர்மையானவர் மாட்டிக்கொள்வதை யாரும் பேசுவதில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள புப்ரெநார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும், நிறைய தண்ணீர் குடித்த நாளில் அளவு எல்லைக்குக் கீழே போய்விட்டால், 'மாத்திரை சாப்பிடவில்லை' என்ற பெயர் வரும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பத்தாயிரம் ரூபாய் லாபம் என்றால், எவ்வளவு முதலுக்கு என்று கேட்கிறோம் அல்லவா? இங்கே முதல் மாதிரி நிற்பது கிரியாட்டினின். தசையிலிருந்து ஓரளவு சீராக வெளியேறும் கழிவு அது. அமெரிக்க அரசு விதிகளில், கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழேயும் ஒப்படர்த்தி 1.003க்குக் கீழேயும் இருந்தால் 'நீர்த்த மாதிரி' என்று எழுதுகிறார்கள். மருந்து இல்லை என்று முடிவு வந்து, மாதிரி மட்டும் நீர்த்திருந்தால் அது தோல்வி அல்ல. மறுபடி பரிசோதனை செய்யச் சொல்லலாம்.

ஆலை ரசாயனங்களைச் சிறுநீரில் அளப்பதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருக்கிறது. கிரியாட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராம் வரை இல்லாவிட்டால், அந்த மாதிரியை விட்டுவிட்டு வேறு மாதிரி எடுக்க வேண்டும். அதாவது, ரொம்ப நீர்த்ததும் செல்லாது, ரொம்ப அடர்ந்ததும் செல்லாது.

ஏமாற்றுவதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டரைத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, வலிப்பு, உயிராபத்து வரை போகும்.

அதற்காக, "டெஸ்ட் இருக்கிறது, தண்ணீர் குடிக்காதே" என்று உலைக்காரரிடம் சொல்ல முடியுமா? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அவருக்குத் தண்ணீர் உரிமை!

ஆகவே செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். முடிந்தவரை காலையின் முதல் சிறுநீரை வாங்குங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் கிரியாட்டினினையும் பாருங்கள். நீர்த்திருந்தால், அவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இன்னொரு டப்பாவைக் கொடுங்கள். ஒரு டப்பாவின் விலை, ஒருவருடைய வேலையைவிட அதிகமில்லை.